நாலு மாசமா ஃப்ரிட்ஜுல காட்டன் பை: எந்தக் காய்க்கு ஆகுது, எதுக்கு ஆகல

மாசி மாசக் கடைசில, மதுரைல வெயில் சூடு பிடிக்கிறதுக்கு முன்னாடி, காய்கறி வைக்கிற காட்டன் பை ஒரு செட் ஆன்லைன்ல வாங்கினேன். 12 பை, 549 ரூபா. ஆறு வலைப்பை, ஆறு மொத்தத் துணிப்பை (கெட்டித் துணி), எல்லாத்துலயும் வாயில நாடா, நம்ம பாட்டிமார் இடுப்புல சொருகுற சுருக்குப்பை மாதிரியே இழுத்தா மூடிக்கும். நாலு மாசம் தினமும் யூஸ் பண்ணிட்டுத்தான் எழுதுறேன்.

ஏன் வாங்கினேன்னா, நான் ஞாயித்துக்கிழமை அண்ணா நகர் உழவர் சந்தைல ஒரு வாரத்துக்கு சேத்து வாங்குறவ. (1999 நவம்பர் 14ல தமிழ்நாட்டுலயே முதல்ல ஆரம்பிச்ச உழவர் சந்தை அதுதான்.) வெள்ளிக்கிழமை ஃப்ரிட்ஜோட கீழ் ட்ரேய இழுத்தா கேரி பேக்குக்குள்ள முத்து முத்தா தண்ணி கோத்து நிக்கும், வெண்டைக்கா கொழகொழன்னு இருக்கும், பீன்ஸ் மேல வெள்ளையா பூஞ்சை, மல்லித்தழை கூழாவே போயிருக்கும். விளைவிச்சவங்க கையாலயே வாங்கிட்டு வந்தத குப்பைல கொட்டுறப்போ எனக்கு மனசே ஆறாது. முன்னாடி நியூஸ் பேப்பர்ல சுத்தி வச்சுட்டு இருந்தேன், பேப்பர்ல உணவுப் பொருள சுத்தாதீங்க, மை உடம்புக்குக் கெடுதல்னு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016லயும் மறுபடி 2023லயும் சொன்னதுக்கு அப்புறம் அத விட்டுட்டேன், அப்போ துணிதான் சரின்னு தோணுச்சு.

முதல்ல நல்லத சொல்றேன். வெண்டைக்காய்க்கு இந்த வலைப்பை அருமை. முன்னாடி மூணாம் நாளே நுனி கருத்து வழவழப்பு வந்துரும், இப்போ ஆறு நாள் வரைக்கும் ஒடிச்சா டக்குனு ஒடியுது. ஆனா ஈரம் சுத்தமா இருக்கக் கூடாது, கழுவாம துணியால தொடச்சுட்டு வைக்கணும், ஃப்ரிட்ஜோட பின்பக்கம் ஜில்லுனு காத்து வர்ற இடத்துல வைக்காம கதவுப் பக்கமா வைக்கணும். வெண்டைக்கா ரொம்ப குளிர் தாங்காது, அதிகக் குளிர்ல தோல் குழி குழியா விழுந்துரும். பச்சை மிளகாய காம்பு கிள்ளிட்டு சின்ன வலைப்பைல போட்டேன், ரெண்டு வாரம் தாண்டியும் ஒண்ணு கூட அழுகல. பீன்ஸ், அவரை, கொத்தவரங்கா எல்லாம் ஒரு வாரம் தாராளமா நிக்குது.

இப்போ ஏமாந்தத சொல்றேன். கேரட், பீட்ரூட், முள்ளங்கி மூணையும் வலைப்பைல போட்டு வச்சேன், மூணே நாள்ல கேரட் ரப்பர் மாதிரி வளையுது. யோசிச்சுப் பாத்தா காரணம் புரியுது, ஃப்ரிட்ஜுக்குள்ள இருக்கிற காத்து காஞ்ச காத்து, அது காய்ல இருக்கிற தண்ணிய உறிஞ்சிட்டே இருக்கும், வலைப்பை அதைத் தடுக்காது. வெண்டைக்காய்க்கு காத்தோட்டம் நல்லது, கேரட்டுக்கு அதுவே எதிரி. கிழங்கு வகைய இப்போ மூடி போட்ட டப்பாலதான் வைக்கிறேன், அடில ஒரு துணி விரிச்சு, தழை இருந்தா அத ஒட்ட வெட்டிட்டு (தழைய விட்டா அது கிழங்குல இருக்கிற ஈரத்தையும் சேத்து இழுத்துரும்). வதங்கின கேரட்ட தூக்கிப் போட்றாதீங்க, ஜில் தண்ணில ஒரு மணி நேரம் போட்டா திரும்பவும் விறைப்பா ஆயிரும்.

மல்லித்தழை கதைதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. பாக்கெட்ல போட்டிருந்த மாதிரியே மொத்தத் துணிப்பைல காயவச்ச தழைய வச்சேன், ரெண்டாம் நாள் தலை தொங்கிருச்சு. அப்போதான் எங்க அப்பத்தா ஞாபகம் வந்துச்சு. அப்பத்தா வெத்தலைய ஈரத்துணில சுத்தி ஒரு பித்தளை டப்பால வச்சிருக்கும், தினம் காலைல துணிய அவுத்து, அழுகின வெத்தலைய ஒவ்வொண்ணா பொறுக்கி வெளிய போட்டுட்டு, துணிய திரும்ப நனைச்சுப் பிழிஞ்சு சுத்தி வைக்கும். அதையே செஞ்சு பாத்தேன், மொத்தத் துணிப்பைய தண்ணில நனைச்சு நல்லா முறுக்கிப் பிழிஞ்சு, தொட்டா ஈரம் தெரியணும் ஆனா சொட்டக் கூடாது, அந்தப் பதத்துல வேர வெட்டின மல்லித்தழைய உள்ள வச்சு மேல்தட்டுல வச்சேன். ரெண்டு நாளைக்கு ஒருக்கா மட்டும் மறுபடி நனைச்சேன். ஒன்பதாம் நாள் ரசத்துக்கு கிள்ளிப் போட்டப்பவும் வாசம் அப்படியே இருந்துச்சு!! புதினாவுக்கும் இதேதான். இந்த ஒரு விஷயத்துக்காகவே அந்த ஆறு பைக்கு குடுத்த காசு எனக்கு வந்துருச்சு. ஆனா இத விக்கிறவங்க பாக்கெட்ல ஒரு வரி கூட எழுதல, எழுதிருக்கணும்.

கருவேப்பிலை இதுல சரி வரல, ஒரு வாரத்துல சருகு மாதிரி ஆயிருது. கொசுறா குடுக்கிறது தானேன்னு விட முடியாது, இப்போ அத உருவி காயவச்சு டப்பாலதான் போடுறேன்.

கத்திரிக்காய எந்தப் பைல போட்டும் ஃப்ரிட்ஜுல ரொம்ப நாள் வைக்காதீங்க, குளிர்ல உள்ள விதையெல்லாம் கருத்துரும், வெளிய வச்சு ரெண்டு நாள்ல சமைச்சிருங்க. உருளைக்கிழங்கும் வெளியதான். தக்காளி காயா இருந்தா வெளிய, நல்லா பழுத்துட்டா மட்டும் உள்ள.

ஒரு விஷயத்துல எனக்கு நிஜமாவே கோவம். இந்தப் பை எத்திலின் வாயுவத் தடுக்கும்னு விக்கிற பேஜ்ல பெருசா போட்டிருந்தாங்க. ஆப்பிள், பழுத்த பப்பாளி, மாம்பழம், வாழைப்பழம், தக்காளி இதெல்லாம் பழுக்கும்போது விடுற வாயு அது, பக்கத்துல இருக்கிற கீரைய மஞ்சளாக்கும், கேரட்ட கசக்க வைக்கும். துணி எப்படிங்க வாயுவ தடுக்கும், அதுவும் வலை? அத நம்பி ஆப்பிளையும் கேரட்டையும் ஒரே ட்ரேல பக்கத்துல பக்கத்துல வச்சு, பத்து நாள் கழிச்சு பண்ணின பொரியல் கசந்து என் பையன் தட்டோட வச்சுட்டுப் போயிட்டான். பழத்த ஒரு தட்டுல, காய வேற தட்டுல தனித்தனியா வைங்க, அதுதான் வழி, அதுக்கு காசும் வேண்டாம்.

செட்டோட கூட ரெண்டு சின்ன சாஷேவும் ஃப்ரீயா வந்துச்சு, பொட்டாசியம் பெர்மாங்கனேட் ஏத்தின ஊதா கலர் மணி இருக்கும், அது எத்திலின உண்மையிலயே அழிக்கும், அழிக்க அழிக்க ஊதா மாறி பழுப்பாயிரும். என்னோடது மூணு வாரத்துல பழுப்பாயிருச்சு. நாள் முழுக்க கதவத் திறந்து மூடுற வீட்டு ஃப்ரிட்ஜுல அதால பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியல. சின்னப் பிள்ளைங்க இருக்கிற வீட்ல கைக்கு எட்டாம பாத்துக்கங்க, வாய்ல வச்சிறக் கூடாது.

தையல் சுமார். 12ல ரெண்டு வலைப்பை மூணாவது துவையல்லயே ஓரம் பிரிஞ்சிருச்சு, போட்டோ அனுப்பினதும் மாத்திக் குடுத்தாங்க, அது பரவால்ல. முதல் தடவை வெந்நீர்ல அலசிருங்க, கஞ்சி நிறைய இருக்கு, அலசினதும் கொஞ்சம் சுருங்கும். வாரத்துக்கு ஒருக்கா துவைச்சு வெயில்ல மொறுமொறுன்னு காயவைக்கணும், ஈரத்தோட மடிச்சு வச்சீங்கன்னா கரும்புள்ளி விழுந்துரும், எனக்கு ஒரு பை அப்படித்தான் போச்சு. முருங்கைக்கா எந்த சைஸ்லயும் அடங்காது, வெட்டித்தான் போடணும்.

5க்கு மூணரை குடுப்பேன். நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு 12 பை அதிகம். மொத்தத் துணிப்பைய காசு குடுத்து வாங்கணும்னே இல்ல, நைஞ்ச பழைய வேட்டியக் கிழிச்சு தைச்சாலே போதும், அது இன்னும் மெத்துனு இருக்கும், ஈரத்தையும் நல்லா பிடிக்கும். வலைப்பை மட்டும் தனியா ஆறு கிடைச்சா அத வாங்குங்க. மீந்த ரெண்டு வலைப்பைல சின்ன வெங்காயமும் பூண்டும் போட்டு அடுப்படி ஜன்னல் கம்பில தொங்க விட்டிருக்கேன், சித்திரை வெயில் முழுக்க ஒண்ணு முளைக்கல, ஒண்ணு அழுகல.