ரிகோ ஜிஆர் 3: தெரு வெளிச்சத்துக்கு ஏற்ற குட்டி கேமரா

தெருப் படம் எடுக்க எனக்கு மிகவும் பிடித்த கேமரா இதுதான். 2019இல் வந்தது, எடை 257 கிராம், சட்டைப் பையில் அடங்கும்.

இதன் பலமே ஸ்னாப் ஃபோகஸ், அதாவது எவ்வளவு தூரத்தில் ஃபோகஸ் என்று முன்பே குறித்து வைக்கும் வசதி. தூரம் 2.5 மீட்டர், லென்ஸ் துளை எஃப்8 என்று வைத்துவிட்டால் சுமார் ஒன்றேகால் மீட்டருக்கு அப்பால் எல்லாமே தெளிவு. அப்புறம் கவனம் முழுக்கச் சட்டகத்தின் மேல்தான். மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் காலை வெயிலுக்கு எதிரே நின்று, ஹைலைட் மீட்டரிங் (பிரகாசமான பகுதிக்கு ஏற்ப ஒளியை அளக்கும் முறை) வைத்து எடுத்துப் பாருங்கள்: பூக்காரம்மாவின் தோளில் ஒளிக்கோடு விழும், பின்னால் கடைகள் இருட்டில் ஒதுங்கிவிடும். கூட்டத்திலிருந்து ஒருவரைப் பிரித்துக் காட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இதன் 28 மி.மீ. லென்ஸின் கோணம் அகலமானது, ஓரங்களில் வேண்டாதது நுழையும். ஓர் எட்டு நெருங்கியே ஆகவேண்டும். கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் கிடையாது. ஒரு பேட்டரிக்குச் சுமார் 200 படம்தான், இன்னொன்றும் சேர்த்தே வாங்குங்கள்.