தி டீல்: ஒரே நாற்காலிமேல் கண் வைத்த இரண்டு நண்பர்கள்

பிரிட்டன் அரசியல் நமக்கு எதற்கு என்று இந்தப் படத்தைத் தள்ளிவிடாதீர்கள். டோனி பிளேரும் கார்டன் பிரவுனும் எப்படி நண்பர்களானார்கள், அந்த நட்பு 1994இல் எங்கே போய் முட்டியது என்பதுதான் 'தி டீல்' படத்தின் கதை. இயக்கம் ஸ்டீபன் ஃப்ரியர்ஸ், எழுத்து பீட்டர் மார்கன். 2003 செப்டம்பர் 28 அன்று சேனல் 4 தொலைக்காட்சியில் வந்தது. தொழிலாளர் கட்சியின் ஆண்டு மாநாடு போர்ன்மத்தில் தொடங்கிய நாள் அது. பிளேர் அப்போது பிரதமர், பிரவுன் நிதியமைச்சர். பதவியில் இருக்கிற இருவரை உண்மைப் பெயரோடு திரையில் நிறுத்தி, உங்களுக்குள் நடந்தது இதுதான் என்று சொல்ல நெஞ்சுரம் வேண்டும்.

நான் வங்கி ஊழியர் சங்கத்தில் பல காலம் கிளைச் செயலாளராக இருந்தவன். மேல்மட்டப் பொறுப்புக்கு இரண்டு தோழர்களின் பெயர் அடிபடும்போது, "இந்தத் தடவை நீ விட்டுக்கொடு தோழர், அடுத்த தடவை உனக்குத்தான்" என்று டீக்கடை பெஞ்சில் பேசி முடிப்பதைப் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறேன். அப்படிக் கைகொடுத்துக்கொண்டவர்கள், பிறகு ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மற்றவர் போகாததையும் பார்த்திருக்கிறேன். இந்தப் படம் என்னைப் பிடித்து உட்காரவைத்ததற்கு அது ஒரு காரணம்.

1994இல் ஒரு தொலைபேசி அழைப்போடு படம் தொடங்கி, அப்புறம் 1983க்குப் பின்னோக்கிப் போகிறது. அந்த ஆண்டுத் தேர்தலில் தொழிலாளர் கட்சிக்குக் கிடைத்தது வெறும் 209 இடங்கள். பிரதமர் தாட்சரின் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு 397. அந்தத் தோல்வியில் புதிதாக ஜெயித்து வந்தவர்கள் இவர்கள் இருவரும். நாடாளுமன்றத்தில் ஒரே அறையைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். பிரவுன் மாணவப் பருவத்திலிருந்தே அரசியலில் ஊறியவர், தொழிலாளர் கட்சியின் வரலாற்றில் முனைவர் பட்டம் வாங்கியவர். பிளேர் ஆக்ஸ்ஃபோர்டில் படித்த வழக்கறிஞர். அந்த அறையில் யார் அண்ணன், யார் தம்பி என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. பிரவுன் சொல்லிக்கொடுக்கிறார், பிளேர் கற்றுக்கொள்கிறார். பிளேர் அதில் பொய்யாக நடிக்கவில்லை, மனதார மதிக்கிறார். இதைப் படம் நம்பும்படி காட்டுவதால்தான் பின்னால் வருவது வலிக்கிறது.

பலரும் இந்தப் படம் என்றதும் கிரானிட்டா உணவக விருந்தைத்தான் பேசுவார்கள். லண்டன் இஸ்லிங்டனில் இருந்த அந்த உணவகத்தில் 1994 மே 31 அன்று இருவரும் உட்கார்ந்து பேசினார்கள். கட்சித் தலைவர் பதவிக்கு பிரவுன் போட்டியிடாமல் ஒதுங்குவது, பதிலுக்குப் பொருளாதாரம் முழுக்க அவர் கையில் இருப்பது, பிளேர் ஒரு கட்டத்தில் விலகி வழிவிடுவது என்பதுதான் ஊரறிந்த கதை. எனக்கென்னவோ விஷயம் அதற்கு இரண்டு வருடம் முன்பே முடிந்துவிட்டது. 1992 ஏப்ரலில் கட்சி தொடர்ந்து நான்காவது முறையாகத் தோற்கிறது, தலைவர் நீல் கின்னக் விலகுகிறார். பிரவுனை நிற்கச் சொல்லி பிளேர் உந்துகிறார். பிரவுன் மறுக்கிறார். போட்டியில் இருக்கும் ஜான் ஸ்மித் மூத்தவர், தன்னை வளர்த்தவர், தன்னைப் போலவே ஸ்காட்லாந்துக்காரர். ஸ்மித்துக்கு எதிராக நிற்பது பிரவுனுக்குத் துரோகமாகப் படுகிறது. அந்த இடத்தில் பிளேராக நடித்த மைக்கேல் ஷீனின் முகத்தைக் கவனியுங்கள். 'நீ நிற்கப்போவதில்லை என்றால் நான் ஏன் உனக்குப் பின்னால் நிற்க வேண்டும்' என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது. வாய்விட்டுச் சொல்லாமலேயே அது நமக்குக் கேட்கிறது.

கின்னக்குக்குப் பிறகு தலைவரான ஸ்மித் 1994 மே 12 அன்று மாரடைப்பில் இறந்தபோது பிரவுன் நண்பருக்கு அஞ்சலி எழுதிக்கொண்டிருந்தார். சாயங்காலத்துக்குள் அடுத்த தலைவர் பிளேர் என்று பத்திரிகை வட்டாரத்தில் பேச்சு கிளம்பிவிட்டது. வரிசையில் நின்றால் தன் முறை வரும் என்று பிரவுன் நம்பினார். சங்கத்திலும் இப்படி நம்பிய நல்லவர்களை நான் அறிவேன். துக்க வீட்டில் துக்கத்தை மட்டுமே நினைத்த மனிதர் பின்தங்கிப் போவதைப் பார்க்க எனக்கு நெஞ்சு அடைத்தது.

டேவிட் மாரிஸி பிரவுனாகவே மாறியிருக்கிறார். லிவர்பூலில் பிறந்த நடிகர், ஆனால் அந்தக் கனத்த ஸ்காட்லாந்துப் பேச்சும் இறுகிய தாடையும் அப்படியே பொருந்துகின்றன. கோபத்தை விழுங்கி விழுங்கி உடம்பே பாரமாகிப்போன ஒருவர். ஷீனின் பிளேர் அதற்கு நேர் எதிர்: லேசானவர், எல்லோருக்கும் பிடித்தவர். அவரை வில்லனாக்காமல் விட்டது இயக்குநரின் பெருந்தன்மை. இருவருக்கும் நடுவே பால் ரீஸ் நடித்த பீட்டர் மாண்டல்சன், கட்சியின் பிரசாரப் பொறுப்பாளராக இருந்தவர். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளும் ஆள். பிரவுன் முகாம் அவரை ஏன் நெடுங்காலம் மன்னிக்கவில்லை என்று புரியும்.

குறை என்று சொன்னால், இவர்கள் எதற்காக அரசியலுக்கு வந்தார்கள் என்பதற்குப் படத்தில் இடம் போதவில்லை. பிளேரின் செட்ஜ்ஃபீல்டும் பிரவுனின் கிழக்கு டன்ஃபெர்ம்லினும் நிலக்கரிச் சுரங்கப் பகுதித் தொகுதிகள். 1984-85இல் சுரங்கத் தொழிலாளர்கள் ஒரு வருடம் வேலைநிறுத்தம் செய்து தோற்றார்கள். இவர்களுக்கு ஓட்டுப்போட்ட குடும்பங்கள் அதில் நொடிந்தன. அது படத்தின் மையத்துக்கு வரவே இல்லை. நாற்காலிச் சண்டை மட்டும் தெரிகிறது, நாற்காலி யாருக்காக என்பது தெரியவில்லை. சங்கத்தில் இருந்தவனாக இது எனக்கு உறுத்துகிறது. படத்தில் பெண் பாத்திரங்களுக்கும் வேலை குறைவு.

கிரானிட்டாவில் கடைசி முடிவு எடுக்கப்படவில்லை, ஏற்கெனவே ஒப்புக்கொண்டதை அங்கே உறுதி செய்துகொண்டோம், அவ்வளவுதான் என்று பிரவுன் 2017இல் எழுதினார். இரண்டாவது ஆட்சிக்காலத்தில் விலகுவதாக பிளேர் வாக்குக் கொடுத்தார் என்பது அவர் தரப்பு. பிரவுன் பிரதமரானது 2007 ஜூன் 27 அன்றுதான். பிளேர் அதற்குள் மூன்று தேர்தல்களை ஜெயித்து முடித்திருந்தார்.

ஒன்றரை மணி நேரம்கூட இல்லை, ஒரே மூச்சில் பார்த்துவிடலாம். பிரவுன் பேசுவது வேகமும் முணுமுணுப்புமாக இருக்கும், சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள். இதே எழுத்தாளரும் ஷீனும் சேர்ந்த 'தி குவீன்' 2006இலும், 'தி ஸ்பெஷல் ரிலேஷன்ஷிப்' 2010இலும் வந்தன. 'தி குவீன்' பார்த்தவர்கள் நிறையப் பேர் இதைத் தவறவிட்டிருக்கிறார்கள். பார்ப்பதானால் இதிலிருந்து தொடங்குங்கள்.