சோபாவைக் காப்பாற்றிய சாக்கு: இரண்டு பூனைகளோடு நீண்ட கால அனுபவம்

பூனை நகத்திலிருந்து சோபாவைக் காப்பாற்ற நாங்கள் வாங்கிப் பார்த்த பொருட்களில் பாதிக்கு மேல் இன்று பரணில் கிடக்கின்றன. நிலைத்தவை மூன்றுதான்: சாக்கு அடித்த ஒரு பலகை, கயிறு சுற்றிய கனமான சவுக்குக் கட்டை, அப்புறம் நகம் வெட்டுகிற பழக்கம். மூன்றுக்கும் சேர்த்து ஆன செலவு, ஆன்லைனில் வாங்கிய முதல் கீறல் தூணின் விலைக்குக்கூட வராது. கோடையும் அடைமழையும் மாறி மாறிப் பார்த்த பிறகு எழுதுவதால், பொருள் வந்து சேர்ந்த வாரத்திலேயே எழுதும் விமர்சனங்களில் வராத சில விஷயங்களும் இதில் உண்டு.

எங்கள் வீடு மயிலாடுதுறை பக்கம். பழைய ஓட்டு வீடு, கூடத்தில் தேக்குத் தூண்கள், நடுவில் முற்றம், பின்கட்டில் நெல் போட்டு வைக்கும் அறை. இந்தப் பக்கம் இப்படிப்பட்ட வீட்டில் பூனை வளர்ப்பது ஆசைக்காக இல்லை, எலிக்காக. இப்போது இருப்பது இரண்டு. செவலை ஆண், நல்ல எடை, சோம்பேறி. கருப்பி மெலிந்த உடம்பு, ஒரு இடத்தில் நிற்காது.

முன்பெல்லாம் பூனை எங்கே கீறுகிறது என்று யாரும் கவனித்ததே இல்லை. நெல் அறையில் சாக்கு மூட்டை அடுக்கியிருக்கும், அதில்தான் அவை நகத்தைத் தீட்டும். அறுவடை இயந்திரம் வந்த பிறகு நெல் வயலிலிருந்தே நேராகக் கொள்முதல் நிலையத்துக்குப் போய்விடுகிறது. வீட்டுக்கு வருவது சாப்பாட்டு நெல் மட்டும், அதுவும் பிளாஸ்டிக் சாக்கில். நெல் அறை காலியாகி, அதில் இருந்த பழைய சாக்கையெல்லாம் எடைக்குப் போட்டோம். கிட்டத்தட்ட அதே சமயத்தில் கூடத்துக்குத் துணி சோபா வந்தது. அடுத்து நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. சோபாவின் இடது கைப்பிடியில் முதலில் நூல் தொங்கியது, அப்புறம் பஞ்சு எட்டிப் பார்த்தது.

நான் டேப், ஸ்ப்ரே என்று தேடிக்கொண்டிருந்தபோது மாமியார்தான் விஷயத்தைப் பிடித்தார். "ஏம்மா, அது அத்தன காலமா சாக்குல கீறிக்கிட்டு இருந்துச்சு. சாக்க எடுத்துப்புட்டு சோபாவக் கொண்டாந்து போட்டா, அது எங்க போவும்?" என்றார். அத்தை சொல்வதில் ஞாயம் இருந்தது. ஆனால் வீட்டில் மருமகள் பேச்சைவிட யூடியூப் பேச்சுக்கு மரியாதை அதிகம், மாமியார் பேச்சுக்கும் அதே கதிதான். அதனால் சாக்கு கடைசியில்தான் வந்தது.

கீறுவது பூனைக்குக் குறும்பு இல்லை. நகத்தின் மேல் ஓடு அவ்வப்போது கழன்று விழ வேண்டும், உள்ளே இருக்கும் புது நகம் வெளியே வர வேண்டும், அதற்கு அது எதையாவது பற்றி இழுத்தாக வேண்டும். கூடம் பெருக்கும்போது குனிந்து பார்த்தால் கிடைக்கும்: அரிசி நீளத்தில், பிறை மாதிரி வளைந்து, விளக்கில் பிடித்தால் ஊடுருவித் தெரிகிற ஒரு வெற்று ஓடு. நகம் பிய்ந்துவிட்டதோ என்று பயப்பட வேண்டாம், அது கழற்றிப் போட்ட சட்டைதான். இன்னொன்று, பூனையின் உள்ளங்காலில் விரல்களுக்கு நடுவே வாசனைச் சுரப்பிகள் உண்டு. கீறும்போது தன் வாசனையையும் அங்கே பூசிவிட்டுப் போகிறது. "இது என் இடம்" என்று எழுதிவைக்கிற வேலை அது. தூங்கி எழுந்ததும் முதுகை நீட்டி சோம்பல் முறிக்கவும் ஏதாவது ஒன்றைப் பிடித்து இழுக்க வேண்டும். இது மூன்றும் தெரிந்தால், அது ஏன் படுக்கும் இடத்துக்குப் பக்கத்திலும், வாசல் நடையிலும், எல்லோரும் உட்காரும் இடத்திலும் மட்டுமே கீறுகிறது என்பதும் புரிந்துவிடும். மூலையில் யார் கண்ணிலும் படாமல் வைத்த கீறல் தூணை அது சீந்தாது.

சரி, பொருட்களுக்கு வருகிறேன்.

ஆன்லைனில் வாங்கிய தூண்: படத்தில் கம்பீரமாக இருந்தது, கையில் வந்தபோது முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே நின்றது. வளர்ந்த பூனை பின்னங்காலில் நின்று முன்னங்காலை முழுக்க நீட்டினால் இரண்டரை அடிக்கு மேல் எட்டும். செவலை ஒரே ஒரு முறை தொங்கினான். அடித்தட்டு லேசு, தூண் அவன் மேலேயே சாய்ந்தது. அன்றோடு சரி, அந்தத் தூண் இருக்கிற பக்கமே போகவில்லை. ஆடுகிற பொருளைப் பூனை நம்பாது. எந்தத் தூணை வாங்கினாலும் விலைக்கு முன்னால் எடையைப் பாருங்கள்.

இரட்டைப் பக்க டேப்: சோபாவின் ஓரத்தில் ஒட்டினோம். காலில் பிசுபிசுப்பது பூனைக்குப் பிடிக்காது என்பது உண்மைதான், சில நாள் நன்றாகவே வேலை செய்தது. ஆனால் நம்மூர்ச் சித்திரை வெயிலில் பசை இளகி, தூசியும் முடியும் அப்பி, பார்க்கவே அசிங்கமாகிவிட்டது. உரித்தபோது துணியில் தங்கிய பிசினைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து எடுக்க வேண்டியிருந்தது, எண்ணெய்க் கறை போக இன்னொரு நாள். புதுத் தூணுக்குப் பூனை பழகும் வரைக்கும் இடைக்காலமாகப் பயன்படுத்தலாம். அதற்கு மேல் அதை நம்பாதீர்கள்.

அலுமினியத் தாள், தண்ணீர் பீய்ச்சுவது இரண்டையும் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தண்ணீர் அடித்தால் பூனை கற்றுக்கொள்வது, நாம் இல்லாதபோது கீற வேண்டும் என்பதைத்தான்.

வாசனை விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் அக்கம்பக்கத்தில் சொல்லும் யோசனைகள் எல்லாம் இதில்தான் வரும். சோபா இடுக்கில் அந்துருண்டை போடு, பினாயில் தெளி, யூகலிப்டஸ் தைலம் தடவு, கற்பூரம் வை. நான்கும் பூனைக்கு விஷம். மனித உடம்பு ஈரலில் உடைத்து வெளியேற்றுகிற பல பொருட்களைப் பூனையின் ஈரலால் அவ்வளவு எளிதாக வெளியேற்ற முடியாது. தரையில் மிதித்தாலே போதும், அப்புறம் காலை நக்கும், வயிற்றுக்குள் போய்விடும். எங்கள் வீட்டில் தண்ணீரில் ஊற்றினால் பால் மாதிரி வெளுக்கிற பினாயிலை அறவே நிறுத்தி, சோப்புத் தண்ணீரில்தான் துடைக்கிறோம். ஆரஞ்சுத் தோலைப் போட்டுப் பார்த்தோம், முகம் சுளித்துவிட்டு அடுத்த பக்கத்துக் கைப்பிடிக்குப் போனது கருப்பி.

விரட்டுகிற வாசனையை விட்டுவிட்டு, வரவழைக்கிற வாசனையைப் பயன்படுத்தியது நல்ல பலன் தந்தது. கொல்லையில் தானாக முளைத்துக் கிடக்கும் குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்று ஒரு பெயர் இருப்பது பலருக்குத் தெரியும். செடியை வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, வேரை லேசாக நசுக்கிக் கட்டையில் தேய்த்துவிட்டால், அந்தச் சோம்பேறிச் செவலை எங்கிருந்தாலும் வந்து கன்னத்தை உரசுவான், கட்டையைக் கட்டிப்பிடித்து உருளுவான், அப்படியே நகத்தையும் போடுவான். பச்சை வேராக இருந்தால்தான் இந்த வேடிக்கை, காய்ந்துவிட்டால் ஏறிட்டும் பார்ப்பதில்லை. தேய்த்த பிறகு வேரை எடுத்துவிடுவோம், மெல்ல விடுவதில்லை. பூனையை மயக்கும் செடி என்று கடையில் டப்பாவில் விற்கும் கேட்னிப் பொடிக்குக் கருப்பி அசையவே இல்லை, இதற்கு மட்டும் வந்தது.

அந்தக் கட்டை ஆசாரி செய்து கொடுத்தது. மூன்றடி உயரச் சவுக்குக் கட்டை, அடியில் இரண்டடிச் சதுரப் பலகை, பலகைக்கு மேல் சமையலறை மேடை போட்டபோது மிஞ்சிய கடப்பைக் கல் துண்டு. எட்டு கிலோ பூனை மோதினாலும் அசையாது. கயிறு சுற்றுவதுதான் வேலை. பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த தேங்காய் நார்க் கயிற்றை விரல் நுழையாத அளவுக்கு நெருக்கமாகச் சுற்றி, சுற்றுக்குச் சுற்று ஃபெவிகால் தடவி, நுனியில் ஆணி தலை வெளியே தெரியாமல் அடித்தோம். நார்க் கயிறு நன்றாக உழைக்கிறது, ஆனால் இரண்டு குறை. தினமும் துகள் கொட்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஈரம் இழுத்துப் பூசணம் பூக்கும், நாற்றம் வந்தால் பூனை ஒதுங்கிவிடும். மழை மாதங்களில்தான் இரண்டும் வெளியே போகாமல் வீட்டுக்குள்ளேயே கிடந்து அதிகமாகக் கீறும் என்பது தனி வேதனை. இப்போது கீழ்ப் பாதிக்கு நார்க் கயிறு, நகம் விழுகிற மேல் பாதிக்குச் சணல் கயிறு. மழைக்காலத்தில் கட்டையை அடுப்பங்கரைப் பக்கம் நகர்த்தி வைக்கிறோம். வெளிநாட்டுத் தூண்களில் சுற்றி வருவது கற்றாழை நார்க் கயிறு. அது கிடைத்தால் இன்னும் நல்லது, துகள் குறைவு.

சாக்குப் பலகைக்கு இவ்வளவு பாடுகூட இல்லை. பழைய கதவுப் பலகை ஒன்றில் சணல் சாக்கை இரண்டு மடிப்பாக இழுத்து, பின்பக்கம் ஆணி அடித்து, சுவரில் சாய்ந்தும் நழுவாதபடி கீழே ஒரு கட்டையும் மேலே ஒரு கொக்கியும் போட்டோம். சோபாவின் இடது கைப்பிடியை ஒட்டியே வைத்தோம், கூடத்துக்கு நடுவில் பார்க்க நன்றாக இல்லைதான். அங்கே வைத்ததுதான் வேலை செய்தது. பூனை சோபாவுக்கு வரும், சாக்கு முன்னால் நிற்கும், நகம் சாக்கில் மாட்டி நீளமாகக் கிழிபடும் அந்தச் சரக் சரக் சத்தம் அதற்கே பிடித்துப்போகும். பழகிய பிறகு பலகையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி முற்றத்து ஓரத்துக்குக் கொண்டுபோனோம். ஒரேயடியாக நகர்த்தினால் பூனை சோபாவுக்கே திரும்பிவிடும்.

சாக்கு வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். விதைநெல் வந்த சாக்கு வேண்டாம், மருந்து கலந்திருக்கும். புதுச் சணல் சாக்கில் ஒரு எண்ணெய் வாடை வரும், சணலை நூற்கும்போது சேர்ப்பது. அலசி நாலைந்து வெயிலில் காயப்போட்டால் போய்விடும். நெல் சுணை ஒட்டிய பழைய சாக்கையும் அப்படித்தான், இல்லாவிட்டால் உங்களுக்குத்தான் அரிக்கும்.

கருப்பிக்கு நின்று கீறுவதைவிடத் தரையில் கீறத்தான் பிடிக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்கு ஒரு பழைய ஜமக்காளத்தை நான்காக மடித்துப் போட்டுவிட்டோம். உங்கள் பூனை எப்படிக் கீறுகிறது என்று ஒரு வாரம் கவனித்துவிட்டு அப்புறம் காசு செலவழியுங்கள்.

நகம் வெட்டுவது பற்றி. சாப்பிட்டுவிட்டுக் கிறக்கத்தில் படுத்திருக்கும்போது, விரலை மெல்ல அழுத்தினால் நகம் வெளியே வரும். உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிவது ரத்தம் ஓடும் பகுதி, அதைத் தொடாமல் கூர்நுனியை மட்டும் நறுக்க வேண்டும். கருப்பிக்குச் சில நகம் கறுப்பு, உள்ளே ஒன்றும் தெரியாது, அதனால் நுனியை மட்டும் துளியளவு. ஒரே நேரத்தில் முன்னங்கால் பத்து நகத்தையும் முடிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. முடிந்ததும் உப்பில்லாமல் வேகவைத்த மத்தி ஒரு துண்டு. நகம் மழுங்கியிருந்தால் கீறினாலும் சேதம் குறைவு. தீபாவளிக்குக் கட்டிய திருபுவனம் பட்டோடு சோபாவில் உட்கார்ந்தால் செவலை மடியில் ஏறாமல் இருக்க மாட்டான், இப்போதெல்லாம் இழை எழுவதில்லை.

அமெரிக்காவில் இருக்கும் நாத்தனார் போனில், "அண்ணி, இங்க சில பேர் நகத்தையே எடுத்துடறாங்க" என்றாள். அது நகம் எடுப்பது இல்லை. ஒவ்வொரு விரலிலும் கடைசி எலும்புத் துண்டையே வெட்டி எடுக்கும் அறுவை. நியூயார்க் மாநிலம் 2019இல் அதைத் தடை செய்தது. சோபாவுக்காக அதைச் செய்ய நினைக்கிறவர் பூனை வளர்க்காமல் இருக்கலாம்.

இத்தனைக்குப் பிறகும் சேதமே இல்லை என்று சொல்ல மாட்டேன். தைக்கால் என்ற ஊரில் வாங்கிய பிரம்பு நாற்காலியின் கால்களில் சுற்றியிருந்த பட்டையைச் செவலை உரித்துவிட்டான். பிரம்பு நகத்துக்கு ரொம்ப வாகு. பட்டையை மறுபடி சுற்றச் சொல்லி, அதன்மேல் சணல் கயிறு ஒரு சுற்று சுற்றிவிட்டோம், இப்போது அதுவும் ஒரு கீறல் தூண். சோபாவுக்கு உறை மாற்றியபோது நூல் தளர்ந்த துணியை விட்டுவிட்டு, நகம் மாட்டாத நெருக்கமான நெசவாகப் பார்த்துப் போட்டோம், அதில் ஒரு இழைகூட இன்னும் எழவில்லை. துணிக்கடையில் நகத்தால் சுரண்டிப் பார்த்து வாங்கினேன், கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ஜன்னல் திரைச்சீலைக்கு மட்டும் ஒரு மருந்தும் பலிக்கவில்லை. அது கீறல் இல்லை, ஏறுவது. கருப்பி மேலே பல்லியைப் பார்த்துவிட்டால் சாக்கும் கட்டையும் நினைவுக்கு வருவதில்லை. திரையை இடுப்பு உயரத்துக்குச் சுருட்டி முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறோம், விருந்தாளி வந்தால் அவிழ்த்துவிடுவோம்.