ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் சன்னி ராலின்ஸோட 'தி பிரிட்ஜ்' எல்பி (இசைத்தட்டு) வாங்கலாமா?

வாங்குங்க, யோசிக்கவே வேணாம். நான் போன மாசம் ஆன்லைன்ல வாங்கினேன், கவர் ஓரம் மடங்கித்தான் வந்துச்சு, வித்தவர் பெட்டிக்குள்ள ஒரு துண்டு பேப்பர்கூட வச்சு அடைக்கல, ஆனா ரெக்கார்டுல ஒரு கீறல் கிடையாது.

கதை தெரிஞ்சு கேட்டா இது வேற மாதிரி இருக்கும். ராலின்ஸ் 1930ல நியூயார்க்ல பொறந்து அங்க ஹார்லெம் பகுதியில வளர்ந்தவர், முப்பது வயசுக்குள்ளயே டெனர் சாக்ஸ்ல (சாக்ஸபோன்ல ஒரு வகை) பெரிய பேரு எடுத்துட்டார். 1959ல அந்த மனுஷன் கச்சேரியை எல்லாம் நிறுத்திட்டார், பேரு வந்த அளவுக்கு தன் வாசிப்பு இல்லன்னு அவருக்கே பட்டுடுச்சு. வீட்ல சாதகம் பண்ணலாம்னா பக்கத்துல ஒரு கர்ப்பிணிப் பொண்ணு, சத்தம் தொந்தரவா இருக்குமேன்னு சாக்ஸை தூக்கிட்டு வில்லியம்ஸ்பர்க் பாலத்துக்குப் போயிட்டார், ஒரு பக்கம் ரயில், ஒரு பக்கம் கார், கீழ ஈஸ்ட் ரிவர்ல படகு, நடுவுல இவர், சில நாள் 15 மணி நேரம்கூட, குளிர்காலத்துலயும். 1961 வரைக்கும் இதேதான். அப்புறம் 1962ல வந்தது இந்த ஆல்பம்.

இதுல பியானோ கிடையாது, ஜிம் ஹாலோட கிட்டார். அவர் கொஞ்சமாத்தான் வாசிக்கிறார், அதனாலயே சாக்ஸுக்கு மூச்சு விட இடம் கிடைக்குது. ரெண்டாவது பக்கம் மொதல்ல வர்ற தலைப்புப் பாட்டு ஒரே ஓட்டம், உடனே அடுத்தது ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடே பாடின பழைய பாட்டு, அப்படியே நிதானமாயிடுது, அதுல சாக்ஸ் ஒரு சுரத்தை இழுத்து விடும்போது காத்து சேர்ந்து வர்றது வரைக்கும் ஸ்பீக்கர்ல கேக்குது, ஃபோன்ல இத்தனை நாள் கேட்டும் எனக்கு இது தெரியல.

ரெண்டு வருஷம் காணாம போனவர் புதுசா என்னமோ கொண்டு வருவார்னு காத்திருந்தவங்களுக்கு அப்போ ஏமாற்றம்தான், பழைய மாதிரியே இருக்குன்னு எழுதினாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். சாதகம் பண்றது ஆளே மாறிப்போறதுக்கா, கையில இருக்கறதை சுத்தமாக்கத்தானே? 1960கள் கடைசில மறுபடி எல்லாத்தையும் விட்டுட்டு மும்பை பொவாய்ல ஒரு ஆசிரமத்துல வந்து தங்கினவர் இவர். 2012 வரைக்கும் மேடையில வாசிச்சார், நுரையீரல் வியாதிதான் நிறுத்துச்சு.

ரெண்டாவது பக்கத்தை ராத்திரி போடுங்க, சத்தம் கம்மியா வச்சு.