நாலு டயருக்கும் சென்சர் மாற்றியதாகக் காசு வாங்கினார்கள், சில்லுக்குள் சென்சரே இல்லை

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் கார் ஓடுபவர்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள். டேஷ்போர்டில் லாடம் மாதிரி வளைவுக்குள் ஆச்சரியக்குறி போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தால், அது டயரில் காற்று குறைந்ததற்கான எச்சரிக்கை. அதைக் காட்டி "சென்சர் பட்டரி செத்துப்போச்சு சேர், நாலையும் மாத்த வேணும்" என்று எந்தக் கடையாவது சொன்னால் காசை எடுத்து நீட்டாதீர்கள். மட்டக்களப்பு நகரில் ஒரு டயர் கடையில் என்னிடம் அப்படிச் சொல்லி 58,000 ரூபாய் வாங்கினார்கள்.

காரை உள்ளே எடுத்துவிட்டு என்னை முன்பக்கம் இருக்கச் சொன்னார்கள். திரும்பிக் கொடுக்கும்போது விளக்கு அணைந்திருந்தது. கழற்றிய பழைய சென்சர்களைக் கேட்டேன், குப்பைக்குப் போய்விட்டது என்றார்கள். பில்லில் "டயர் சர்விஸ்" என்று மட்டும் எழுதியிருந்தது.

கொஞ்ச நாளில் கல்முனைக்குப் போகும் வழியில், களுவாஞ்சிகுடி தாண்டியதும் அதே விளக்கு மறுபடி எரிந்தது. கல்முனையில் ஒரு பஞ்சர் கடையில் நிறுத்தினேன். பின்பக்க இடது டயரில் காற்றழுத்தம் 19 பிஎஸ்ஐ, மற்ற மூன்றிலும் 26. சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் என் காருக்கு 33 என்று போட்டிருக்கிறது. ஓடி வந்த சூட்டிலேயே இவ்வளவுதான் என்றால், காலையில் ஆறிய டயரில் இன்னும் குறைவாகத்தான் இருந்திருக்கும்.

கடைக்காரர் டயரைக் கழற்றினார். ஒரு ஆணி ஏறியிருந்தது. புது சென்சர் உடைந்துவிடப் போகிறதே என்று, "பார்த்துக் கழட்டுங்க காக்கா, உள்ளுக்கு சென்சர் இருக்கு" என்றேன். அவர் ரிம்மை என் பக்கம் திருப்பினார். "இதுக்குள்ள ஒண்டும் இல்லையே தம்பி." ரிம்மின் உட்புறம் வெறுமையாக இருந்தது. வால்வின் அடியில் சாதாரண ரப்பர் குமிழ் மட்டும், அதைச் சுற்றிப் பழைய தூசு.

டயர் காற்றைக் கண்காணிக்கும் முறை இரண்டு. ஒன்றில் ஒவ்வொரு சில்லுக்குள்ளும் வால்வின் அடியில் பட்டரியோடு ஒரு சிறு சென்சர் இருந்து, காற்றழுத்தத்தை ரேடியோ அலையில் அனுப்பும். அந்தப் பட்டரி பொதுவாக 5 முதல் 10 வருடம் வரை உழைக்கும். மற்றதில் சில்லுக்குள் எதுவுமே கிடையாது. காற்று குறைந்த டயரின் சுற்றளவு கொஞ்சம் சுருங்குவதால், அந்தச் சில்லு மற்றவற்றைவிட வேகமாகச் சுற்றும். பிரேக் பிடிக்கும்போது சில்லு இறுகி நிற்காமல் தடுக்கும் ஏபிஎஸ் பிரேக்குக்காக ஏற்கெனவே இருக்கும் வேக சென்சர்கள் அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்து விளக்கைப் போடும். என் கார் இந்த இரண்டாவது வகை. அதில் மாற்றுவதற்கு டயர் சென்சர் என்று ஒன்றே இல்லை!

மட்டக்களப்புக் கடையில் செய்தது ரீசெட் பட்டனை அழுத்தியது மட்டும்தான். எனக்குக் காசு போனதைவிட இதுதான் கோபம். நாலு டயருக்கும் சரியாகக் காற்றடித்த பிறகு அழுத்த வேண்டிய பட்டன் அது. குறைந்த காற்றோடு அழுத்தினால், அந்தக் குறைந்த அளவையே கார் சரியான அளவென்று பழகிக்கொள்ளும். அப்புறம் இன்னும் இறங்கினால்தான் விளக்கு எரியும். காற்றில்லாத டயரின் பக்கச் சுவர் மடிந்து மடிந்து சூடேறும், நம்மூர் வெயிலில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும்போது வெடித்திருந்தால்? ஆணியைத் தேடிப் பார்க்கக்கூட அவர்களுக்கு மனம் வரவில்லை.

பொதுவாக விளக்கு மின்னாமல் தொடர்ந்து எரிந்தால் காற்றுக் குறைவு, முதலில் காற்றையும் ஆணியையும் பாருங்கள். ஸ்டார்ட் செய்ததும் ஒரு நிமிடமளவு மின்னிவிட்டுப் பிறகு தொடர்ந்து எரிந்தால்தான் சென்சர் அல்லது சிஸ்டம் கோளாறாக இருக்கும். உங்கள் கார் எந்த வகை என்பது காரோடு வந்த கையேட்டில் இருக்கும். விளக்கை மட்டும் நம்பியும் இருக்க வேண்டாம். அமெரிக்கச் சட்டமே 25 சதவீதம் குறையும்போது எரிந்தால் போதும் என்கிறது. 33 இருக்க வேண்டிய டயர் 25க்கு இறங்கும்வரை அது பேசாமல் இருக்கலாம்.

திரும்பிப் போய்க் கேட்டதற்கு, "அது கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிற சென்சர்" என்று புதுக் கதை சொன்னார்கள். ரிம்மின் படத்தையும் பில்லையும் வைத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். அவர்களுடைய இலக்கம் 1977. இதே மாதிரி "சென்சர்" மாற்றியவர்கள் இருந்தால், அடுத்த முறை டயர் கழற்றும்போது பக்கத்தில் நின்று ரிம்மைப் படம் எடுங்கள், பில்லையும் எறிந்துவிடாதீர்கள்.