பெர்லினில் ஜெர்மன் படிக்க எந்த வகுப்பு? இடைவேளையில் என்ன பேசுகிறார்கள் என்று கேளுங்கள்

பெர்லினுக்கு வேலைக்கு வரும் நம்மவர்கள் முதலில் கேட்பது வீடு. அடுத்தது, "ஜெர்மன் எங்கே படிக்கலாம்?" வீட்டுக்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டாவது கேள்விக்கு உண்டு.

அலுவலகத்தில் ஆங்கிலமே ஓடுகிறது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு வருடத்தைத் தள்ளிவிட்டுப் பிறகு பதறுகிறவர்கள் நிறைய. புளூ கார்டில் (படித்த வெளிநாட்டுப் பணியாளருக்கான வசிப்பு அனுமதி) இருப்பவருக்கு நிரந்தர வசிப்பு அனுமதி ஏ1 என்ற தொடக்கநிலை ஜெர்மனோடு 27 மாதத்தில் கிடைக்கும், பி1 என்ற இடைநிலை இருந்தால் 21 மாதத்தில். 5 வருடம் கழித்துக் குடியுரிமை கேட்பதற்கும் பி1 வேண்டும். ஆக, எப்படியும் படித்தே ஆகவேண்டும். எங்கே என்பதுதான் கேள்வி.

பொதுவாக இரண்டு விஷயத்தை வைத்துத்தான் ஒப்பிடுகிறார்கள்: எவ்வளவு பணம், எவ்வளவு சீக்கிரம். நான் வேறு இரண்டை வைத்துப் பார்க்கச் சொல்வேன். வகுப்பு இடைவேளையில் மாணவர்கள் எந்த மொழியில் பேசிக்கொள்கிறார்கள்? வகுப்பு முடிந்து வெளியே வந்தால் எந்தத் தெருவில் நிற்பீர்கள்? ஒரே பாடப் புத்தகத்தைப் படித்த இருவரில் ஒருவர் ஒரு வருடத்தில் பக்கத்து வீட்டுக்காரரோடு பேசுகிறார், மற்றவர் சான்றிதழை மட்டும் வைத்திருக்கிறார் என்றால், காரணம் பெரும்பாலும் இந்த இரண்டில்தான் இருக்கிறது.

நகர மையத்தில் தீவிர வகுப்பு

கோத்தே இன்ஸ்டிடியூட்டைச் சென்னைக்காரர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நுங்கம்பாக்கம் மாக்ஸ் முல்லர் பவனில் ஏ1 எழுதிவிட்டு விமானம் ஏறியவர்கள் எத்தனையோ பேர். 1951இல் தொடங்கிய நிறுவனம், தலைமையகம் மியூனிக்கில். பாடம் நடத்தும் முறையில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. அதன் பி1 தேர்வில் வாசிப்பு, கேட்பு, எழுத்து, பேச்சு என்ற நான்கு பகுதிகளையும் தனித்தனியாக எழுதலாம். ஒன்றில் 60 சதவீதத்துக்குக் கீழே போனால் அதை மட்டும் மறுபடி எழுதினால் போதும். வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவருக்கு இது பெரிய வசதி.

ஆனால் இந்த ஒப்பீட்டில் மிக அதிகம் செலவு பிடிப்பதும் இந்த வகைதான். நகர மையமான மிட்டே பகுதியில் இருக்கும் தனியார் மொழிப் பள்ளிகளையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். அவற்றின் தரம் பள்ளிக்குப் பள்ளி மாறும். காலை முழுக்க வகுப்பு, நான்கு வாரத்தில் ஒரு படி மேலே. வேகம் உண்மையானது. பிரச்சினை மாணவர்களில் இருக்கிறது. ஸ்பெயின், பிரேசில், அமெரிக்கா, இந்தியா என்று வருகிற எல்லோருக்கும் ஆங்கிலம் தெரியும். மணி அடித்ததும் காப்பி இயந்திரத்தின் முன்னால் ஆங்கிலம் தொடங்கிவிடும். வெளியே வந்தாலும் அதே கதைதான். ஹாக்கெஷர் மார்க்ட் பக்கத்துக் கஃபேயில் நீங்கள் ஜெர்மனில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். பெர்லின் கஃபேக்களில் பரிமாறுகிறவர்கள் ஆங்கிலம் மட்டுமே பேசுகிறார்கள் என்று 2017இல் ஜெர்மன் அரசியல்வாதி யென்ஸ் ஷ்பான் பகிரங்கமாகக் குறைப்பட்டுக்கொண்டது இந்த மாதிரிப் பகுதிகளை வைத்துத்தான். அந்த மையத்தில் பார்க்க நிறைய இருக்கிறது. 1999இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த அருங்காட்சியகத் தீவுக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் அங்கேயும் ஆங்கில விளக்கம் பக்கத்திலேயே இருக்கும். கண் தானாக அதற்குத்தான் போகும்.

வேலையில் சேர்வதற்கு முன் இரண்டு மாத இடைவெளி இருக்கிறதா, கம்பெனி பணம் கட்டுகிறதா, அப்படியானால் இதைத் தாராளமாக எடுங்கள். ஏற்கெனவே வேலையில் இருக்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: பெர்லினில் கல்வி விடுப்புச் சட்டம் இருக்கிறது. வேலையில் சேர்ந்து ஆறு மாதம் கடந்தவர் வருடத்துக்கு 5 நாள் சம்பளத்தோடு விடுப்பு எடுத்து, அங்கீகரிக்கப்பட்ட வகுப்புக்குப் போகலாம். இதற்கென்றே ஒரு வாரத் தீவிர ஜெர்மன் வகுப்புகளைப் பல பள்ளிகள் நடத்துகின்றன. நம்மவர்களில் இதைப் பயன்படுத்துகிறவர்கள் மிகக் குறைவு. மேலாளரிடம் கேட்கத் தயங்குகிறார்கள். இது உங்கள் உரிமை, கேளுங்கள்.

வட்டாரத்து வி.எச்.எஸ்.

ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலே என்ற முழுப் பெயரை யாரும் சொல்வதில்லை, வி.எச்.எஸ். என்பார்கள். உள்ளாட்சி நடத்தும் மக்கள் கல்விக்கூடம். இவற்றுக்கு ஆதரவு தரவேண்டும் என்று 1919 வைமார் அரசியலமைப்பிலேயே எழுதிவைத்திருந்தார்கள். பெர்லினின் 12 மாவட்டங்களுக்கும் தனித்தனி வி.எச்.எஸ். உண்டு. தையல், மண்பாண்டம், யோகா நடக்கும் அதே கட்டிடத்தில் ஜெர்மனும் நடக்கும். கட்டணம் தனியார் பள்ளியில் கட்டுவதில் ஒரு சிறு பங்குதான்.

குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். மாலை வகுப்பு வாரத்துக்கு இரண்டு நாள் என்றால் முன்னேற்றம் மெதுவாகத்தான் இருக்கும். இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும், பருவம் தொடங்குவதற்கு வெகு முன்பே பதிய வேண்டும். நல்ல ஆசிரியர் அமைவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. எந்த நிலை என்று பார்க்க ஒரு சோதனை வைப்பார்கள். அதில் புத்தக அறிவைக் காட்டி மேல் நிலைக்குப் போய்விட்டால் பேச்சில் திணறுவீர்கள். ஒரு படி கீழே உட்கார்ந்தால் நல்லது.

இத்தனைக்குப் பிறகும் என் தேர்வு இதுதான். நொய்கோல்ன் மாவட்டத்தில் போடின் தெரு வி.எச்.எஸ். வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அரபி தெரியும், அவருக்கு அடுத்தவருக்கு வியட்நாமியம், பின் வரிசையில் உக்ரைன்காரர் ஒருவர். மூவருக்கும் ஆங்கிலம் சரியாக வராது. இடைவேளையில் சிகரெட்டுக்கு நெருப்பு கேட்பதானாலும், குழந்தைக்குக் காய்ச்சல் என்று புலம்புவதானாலும் உடைந்த ஜெர்மன்தான் ஒரே வழி. அந்தப் பதினைந்து நிமிடத்தில் பேசுவது பாடப் புத்தகத்தின் எந்தப் பயிற்சியையும் விட ஆழமாகப் பதிகிறது, ஏனென்றால் அதற்குப் பதில் வந்தாக வேண்டும்.

வெளியே வந்தால் கிடைக்கும் நகரமும் வேறு. போடின் தெரு நிலையத்திலிருந்து யு8 ரயிலில் இரண்டு நிறுத்தம் போனால் மைபாஹ் ஊஃபர் கால்வாய்க் கரை. செவ்வாயும் வெள்ளியும் அங்கே துருக்கியச் சந்தை. மாலை வகுப்புக்கு முன் போனால் கடையை மூடுகிற நேரம், விலையைக் குறைத்துக் கூவுவார்கள். காலிஃபிளவர் வேண்டும். "ஐனன் புளூமன்கோல்" என்று கேட்க வேண்டும்: காலிஃபிளவருக்கான ஜெர்மன் சொல் ஆண்பால், அதை வாங்குகிறோம், அதனால் 'ஐன்' என்பது 'ஐனன்' ஆகிறது. இதே விதி வகுப்பில் ஒரு அட்டவணையாக வரும், மூன்று வாரம் மனப்பாடம் செய்தாலும் நிற்காது. சந்தையில் காலிஃபிளவரைக் கையில் வாங்கிய பிறகு மறக்காது. சுரைக்காய் விலையைக் கேட்டு, அதிகம் என்று முகம் சுளித்து, பாதியாக வெட்டித் தரச் சொல்லி முடிப்பதற்குள் ஏ1 பாடத்தில் ஒரு அத்தியாயம் முடிந்திருக்கும். கடைக்காரருக்கும் ஜெர்மன் தாய்மொழி இல்லை, அவர் உங்கள் இலக்கணத்தை எடைபோட மாட்டார்.

இன்னும் நேரம் இருந்தால் தெற்கே ரிக்ஸ்டோர்ஃப் பக்கம் நடக்கலாம். சொந்த ஊரில் மத ஒடுக்குமுறை தாங்காமல் இன்றைய செக் நாட்டுப் பகுதியான பொஹீமியாவிலிருந்து வந்த புராட்டஸ்டன்டுகளை 1737இல் பிரஷ்ய மன்னர் குடியமர்த்திய கிராமம் அது. தாழ்ந்த வீடுகளும் கொல்லைகளும் இன்னும் இருக்கின்றன. வேறு மொழியோடு வந்தவர்கள் ஜெர்மன் படித்த இடம் இந்த வட்டாரம், கிட்டத்தட்ட முந்நூறு வருடமாக. மேற்கே போனால் டெம்பல்ஹோஃபர் ஃபெல்ட்: 2008இல் விமான நிலையம் மூடப்பட்டு, 2010இல் பூங்காவாகத் திறந்த வெளி. ஓடுபாதையில் சைக்கிள் ஓட்டுவார்கள், காற்றாடி விடுவார்கள். காற்றாடி விடும் பிள்ளைகளின் பெற்றோரிடம் பேச்சுக் கொடுப்பது எளிது.

ஒருங்கிணைப்பு வகுப்பு: துணைவருக்கு இதைவிட நல்லது இல்லை

இன்டெக்ராட்சியோன்ஸ்கூர்ஸ் என்று பெயர். 45 நிமிடப் பாடவேளையாக 600 வேளை மொழி, 100 வேளை ஜெர்மன் சட்டம், வரலாறு, சமூகம். கூட்டரசு மானியம் தருகிறது. வி.எச்.எஸ். உட்படப் பல இடங்களில் நடக்கிறது. முடிவில் இரண்டு தேர்வு: பி1 வரை அளக்கும் மொழித் தேர்வு ஒன்று, 33 கேள்விகள் கொண்ட "ஜெர்மனியில் வாழ்க்கை" தேர்வு இன்னொன்று. இரண்டாவதற்கு 310 கேள்விகளின் பட்டியல் முன்கூட்டியே கிடைக்கும். 17 சரியாக இருந்தால் குடியுரிமைக்குப் போதும்.

முழுநேரம் என்றால் வாரத்துக்கு 20, 25 பாடவேளை. வேலைக்குப் போகிறவரால் முடியாது. ஆனால் கணவரோ மனைவியோ புளூ கார்டில் இருக்க, கூட வந்து வீட்டில் இருப்பவருக்கு இதற்கு ஈடு எதுவும் இல்லை.

இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். புளூ கார்டுக்காரரின் துணைவருக்கு விசா எடுக்க ஏ1 தேவையில்லை. சலுகைதான், ஆனால் அதன் விளைவாக நம் பெண்கள் பலர் ஒரு வார்த்தை ஜெர்மன் இல்லாமல் வந்து இறங்குகிறார்கள். பிறகு கம்பெனி செலவில் கணவர் வகுப்புக்குப் போகிறார், மனைவிக்குக் கைபேசியில் ஒரு ஆப். குழந்தை மருத்துவரிடம் பேசுவதும், கிண்டர்கார்டன் ஆசிரியையிடம் பேசுவதும், வீட்டுக்கு வரும் கடிதங்களை முதலில் பிரிப்பதும் அவர்தான். ஆங்கில அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவரை விட அவருக்குத்தான் ஜெர்மன் அவசரம். ஒரு வீட்டில் ஒருவருக்குத்தான் இப்போது வகுப்பு சாத்தியம் என்றால், அது அவருடைய வகுப்பாக இருக்கட்டும்.

ஊரிலிருந்து ஆன்லைனில், தமிழ் வழியே

சென்னையிலோ கோவையிலோ இருந்து தமிழில் விளக்கி நடத்தும் ஆசிரியர்கள் இப்போது நிறைய. பெர்லினில் இருந்துகொண்டு இதைப் படிப்பது வீண் என்று சிலர் சொல்வார்கள். ஏ1 வரை நான் அதை ஏற்கமாட்டேன். ஆங்கில வழியே ஜெர்மன் படிக்கும்போது கடினமாகத் தெரிவதில் பாதி, தமிழ் வழியே வந்தால் கடினமே இல்லை. "மியர் இஸ்ட் கால்ட்" என்பதை ஆங்கிலத்தில் விளக்கப் பத்து நிமிடம் ஆகும். நமக்கு அது நேராக "எனக்குக் குளிருது". "மியர் கெஃபெல்ட்" என்றால் "எனக்குப் பிடிச்சிருக்கு". காரணம் சொல்லும் துணை வாக்கியத்தில் வினை கடைசியில் வருவதும் நம் நாக்குக்குப் பழகியதுதான். எட்டு வேற்றுமை படித்து வளர்ந்தவர்கள் ஜெர்மனின் நான்குக்குப் பயப்பட வேண்டாம். இதையெல்லாம் எடுத்துச் சொல்லும் தமிழாசிரியர் கிடைத்தால் அடித்தளம் உறுதியாகிவிடும்.

ஏ2க்கு மேல் இதை விட்டுவிடுங்கள். பெர்லின் பேச்சு அங்கே கிடைக்காது. புத்தகத்தில் ஒன்பதே காலை "ஃபியர்டல் நாஹ் நொயின்" என்று படித்திருப்பீர்கள். இங்கே வளர்ந்த வயதானவர் "ஃபியர்டல் சேன்" என்பார். பத்தின் கால் பங்கு கடந்தது என்று கணக்கு, அதாவது அதே ஒன்பதே கால். தெரியாவிட்டால் மருத்துவரிடம் ஒரு மணி நேரம் தாமதமாகப் போய் நிற்பீர்கள்.

டாண்டமும் மொழிக் கஃபேயும்

டாண்டம் என்பது பரிமாற்றம்: அரை மணி உங்கள் மொழி, அரை மணி அவர் மொழி. நம்மிடம் தமிழ் கற்க வருகிறவர் அபூர்வம், ஆங்கிலம்தான் கேட்பார்கள். அவர் ஆங்கிலம் உங்கள் ஜெர்மனைவிட நன்றாக இருக்கும். பேச்சு அந்தப் பக்கமே சாய்ந்துவிடும். பி1 தாண்டியவர்களுக்கு மட்டும் சொல்வேன்.

நூலகங்களில் நடக்கும் மொழிக் கஃபேக்கள் அதைவிட மேல். தன்னார்வலர் ஒருவர், மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பேர், இலவசம். கூடவே நூலக அட்டை எடுத்துக்கொள்ளுங்கள், வருடத்துக்கு 10 யூரோ, நகரின் எல்லாப் பொது நூலகங்களுக்கும் செல்லும். ஹாலெஷெஸ் டோர் நிலையத்துக்கு அருகே 1954இல் திறந்த அமெரிக்க நினைவு நூலகத்தில் ஜெர்மன் படிக்கிறவர்களுக்கான எளிய வாசிப்புப் புத்தகங்கள் கிடைக்கும்.

ஆப்கள் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. காசு கட்டி எதையும் வாங்க வேண்டாம். ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்ச வெல்லவின் 'நிக்கோஸ் வேக்' காணொளித் தொடர் ஏ1 முதல் பி1 வரை இலவசம், அதன் மெதுவாக வாசிக்கும் செய்தியும் இலவசம். ரயிலில் கேட்கலாம். நகர மையத்தைச் சுற்றும் வட்ட ரயிலில் ஒரு சனிக்கிழமை ஏறி உட்காருங்கள்: எஸ்41 கடிகாரச் சுற்றில், எஸ்42 எதிர்ச் சுற்றில், 37 கிலோமீட்டர், 27 நிலையம், ஒரு மணி நேரம். ஏறு, இறங்கு, மாறு என்ற மூன்று பிரியும் வினைகளும் (முன்னொட்டு தனியே பிரிந்து பின்னால் போகும் வினைகள்) பயணிகள் பேச்சில் காதில் விழலாம். ரயில் ரத்து என்று பலகையில் "ஃபெல்ட் அவுஸ்" வந்தால் நான்காவதும் ஆயிற்று.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். சேர நினைக்கும் பள்ளிக்கு வகுப்பு நேரத்தில் நேரில் போய், இடைவேளையில் தாழ்வாரத்தில் பத்து நிமிடம் நில்லுங்கள். ஆங்கிலம் கேட்டால் அடுத்த பள்ளியின் முகவரியை எடுங்கள். ஜெர்மன் கேட்டால், அது எவ்வளவு தப்பும் தவறுமாக இருந்தாலும், அன்றே ஒரு நிலைக்கு மட்டும் பதிந்துவிட்டு வாருங்கள். மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்று சொன்னாலும் அடுத்த நிலைக்கு இப்போதே கட்டாதீர்கள். ஆசிரியர் மாறலாம், கூட இருக்கும் முகங்களும் மாறலாம்.