அப்பாவின் ஹொண்டா சி 90: திருத்துவதா, விற்பதா?

மட்டக்களப்பு கல்லடிக் கடற்காற்றில் பல வருடம் நின்ற மோட்டார் சைக்கிள். ஹோர்ன் அடித்தால் ஹெட்லைற் மங்குகிறது, பியூஸ் அடிக்கடி எரிகிறது.

விற்பது சுலபம். ஆனால் வாங்குகிறவர் வயரிங்கைக் காட்டியே விலையைக் குறைப்பார். இலங்கையில் 2020இல் வந்த வாகன இறக்குமதித் தடைக்குப் பிறகு செகண்ட்ஹான்ட் வண்டிகளும் விலை ஏறிவிட்டன. அந்தக் காசுக்கு நல்லதொன்று கிடைக்காது.

திருத்துவதென்றால் பொறுமை வேண்டும். இது 6 வோல்ட் வண்டி. அரை வோல்ட் வழியில் இழந்தாலே 8 வீதம் போய்விடும், 12 வோல்ட்டில் அது 4 வீதம்தான். ஆகவே லைற் மங்குவதற்கு உப்பு பிடித்த ஏர்த் இணைப்பே, அதாவது பற்றரியின் நெகற்றிவைச் சேஸியோடு (வண்டியின் இரும்புச் சட்டத்தோடு) இணைக்கும் இடமே, முதல் சந்தேகம். லைற்றைப் போட்டு, ஹோர்னையும் அடித்துக்கொண்டு பற்றரியின் நெகற்றிவுக்கும் சேஸிக்கும் இடையே வோல்ட் மீற்றர் வைத்தால் தெரிந்துவிடும். பூச்சியத்துக்குக் கிட்ட இருக்க வேண்டும். அங்கே பிழையென்றால் உப்புத்தாளும் புதிய ஏர்த் வயரும் போதும். பியூஸ் எரிவது வயரின் உறையே நொறுங்கியதால் என்றால் ஒட்டுப்போடக் கூடாது, முழு வயரிங்கையும் மாற்ற வேண்டும். தீப்பிடிக்கும் அபாயம் உண்டு.

சேஸி உக்கியிருந்தால் விற்கத்தான் சொல்வேன். எங்களுடையது உறுதி, எஞ்சினும் ஒரே உதையில் எழும்புகிறது. நான் திருத்துகிறேன். அப்பா அதில்தான் என்னைப் பள்ளிக்கு ஏற்றிப்போனவர்.